ஓப்ராக் மேட்டுநிலத்தில் ஒரு கிராமம் எப்படிப் பிழைத்திருக்கிறது?

கேள்வி இதுதான்: "பிரான்ஸ் என்றாலே பாரிஸ்தான் கண்ணுக்கு வருகிறது. அங்கே ஒரு சின்ன விவசாய கிராமம் எப்படி இருக்கும்? நிலம் எப்படி, ஜனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், இன்னும் உண்மையாகவே விவசாயம் நடக்கிறதா?"

நடக்கிறது. ஆனால் 'பிரெஞ்சு கிராமம்' என்று பொதுவாகப் பேசினால் ஒன்றுமே சொன்னதாகாது. பாரிசுக்குத் தென்மேற்கே போஸ் சமவெளியில் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமைதான், நடுவில் ஒரு மரம் தேட வேண்டும். நார்மண்டியில் உயிர்வேலிகளுக்குள் ஆப்பிள் மரமும் பசுவும். பர்கண்டியில் திராட்சை, ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப்பெயர் உண்டு. ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றைச் சொல்ல முடியாது. அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே இடத்தைப் பற்றிச் சொல்கிறேன்: தெற்கு பிரான்ஸில் உள்ள ஓப்ராக் மேட்டுநிலம். அவேரோன், லொசேர், காந்தால் என்ற மூன்று மாவட்டங்கள் சந்திக்கும் இடம் அது. நான் புதுச்சேரிப் பக்கம் பாகூரில் பிறந்து இப்போது ரொதேஸ் நகரத்தில் இருப்பவன். அங்கிருந்து வடக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் மேடு வந்துவிடும். வருஷத்தில் பல தடவை போய்விடுவேன்.

முதலில் நிலம். கடல் மட்டத்துக்கு மேலே 1,000 மீட்டரில் தொடங்கி, மிக உயர்ந்த இடத்தில் 1,469 மீட்டர் வரை போகிறது. ஆனால் மலை ஏறியது போலவே தோன்றாது. மேலே போனதும் எல்லாம் மெதுவாக ஏறி இறங்கும் புல்வெளி. அடியில் கருங்கல் பாறை, அதன் மேல் பழைய எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புக் கல். சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் அடுக்கிய கல்சுவர்கள் புல்லின் நடுவே கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. அங்கங்கே யானை படுத்திருப்பது போல உருண்டைப் பாறைகள். மரம் அபூர்வம். ஜூன் மாதத்தில் வெள்ளை நார்சிசஸ் பூக்கள் புல்லுக்கு மேலே விரிந்து கிடக்கும். அவற்றைச் சீப்பு போன்ற கருவியால் வாரி எடுத்து, வாசனைத் திரவியம் செய்யும் கிராஸ் நகரத்துக்கு அனுப்புகிறார்கள். பிறகு மஞ்சள் ஜென்ஷியன் ஆளுயரத்துக்கு எழும்பும். அதன் கசப்பு வேரைத் தோண்டி மதுபானத்துக்கு விற்பது இங்கே ஒரு துணைத்தொழில்.

முதல்முறை பார்ப்பவர்கள் எல்லாரும் "எவ்வளவு அழகான இயற்கை" என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அங்கே ஒரு பெரியவர் என்னைத் திருத்தினார். இது இயற்கை இல்லை, மாடு செய்த நிலம் என்றார். அவர் சொன்னது உண்மை. இந்த மேடு முழுக்க ஒரு காலத்தில் பீச் (beech) மரக்காடு. மேய்ச்சலுக்காகக் காட்டை வெட்டினார்கள். அதற்கப்புறம் பல நூறு வருஷமாக மாடுகள் மேய்ந்து மேய்ந்து மரம் திரும்ப முளைக்காமல் வைத்திருக்கின்றன. ஒரு மேய்ச்சல் நிலத்தைப் பத்துப் பதினைந்து வருஷம் மாடு விடாமல் போட்டுப் பாருங்கள். முதலில் மஞ்சள் பூப்பூக்கும் புதர் வரும், பிறகு சின்னச் சின்ன மரங்கள் வரும், பூக்களும் பூச்சிகளும் மாறிவிடும். கண்ணுக்கு நிம்மதியாகத் தெரியும் அந்த வெட்டவெளி, யாரோ ஒருவர் தினமும் வேலை செய்வதால் மட்டுமே வெட்டவெளியாக இருக்கிறது. இந்த ஊர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

காட்டை வெட்டியதில் துறவிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1120 வாக்கில் அடாலார் என்ற பிரபு இந்த மேட்டின் நடுவே ஒரு சத்திரமும் மடமும் கட்டினார். லெ புயி நகரத்திலிருந்து ஸ்பெயினில் உள்ள சந்தியாகோவுக்குப் பாத யாத்திரை போகிறவர்கள் இந்த வழியாகத்தான் நடந்தார்கள், இன்றும் நடக்கிறார்கள். பனிக்காற்றுக்கு இங்கே 'எசிர்' என்று பெயர். அது அடித்தால் நீட்டிய கை தெரியாது, பாதையும் சுவரும் ஒன்றாகிவிடும். அந்த நேரத்தில் மடத்துக்காரர்கள் விடாமல் மணி அடிப்பார்களாம், வழி தவறியவர் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேர. 'தொலைந்தவர்களின் மணி' என்பது அதன் பெயர். நாஸ்பினால் ஊரிலிருந்து சேன்-ஷெலி வரை உள்ள பாதைத் துண்டு 1998இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

சரி, விவசாயத்துக்கு வருவோம். இங்கே நெல் கோதுமை கிடையாது. புல்தான் பயிர், மாடுதான் அறுவடை. ஓப்ராக் மாடு என்றே தனி இனம் இருக்கிறது. வெளிர் காவி நிறம், யாழ் போல வளைந்து மேலே எழும் கொம்பு, கண்ணைச் சுற்றி மை தீட்டியது போல கறுப்பு. குளிரும் தாங்கும், மட்டமான புல்லையும் தின்று உடம்பை வைத்துக்கொள்ளும். முன்பு பால், இறைச்சி, உழவு மூன்றுக்கும் இதுதான். லயோல் ஊரின் சந்தைத் திடலில் 1947இல் வைத்த வெண்கலக் காளைச் சிலை ஒன்று நிற்கிறது. ஊர் நடுவே சிலை வைக்கும் அளவுக்கு மாட்டுக்கு மரியாதை. (ஊர்ப் பெயரில் எழுத்தில் 'கி' இருந்தாலும் உச்சரிப்பு லயோல்தான். இந்தப் பக்கத்துப் பழைய மொழி ஒக்சிதான். ஊர்ப் பெயர்களின் உச்சரிப்பில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.)

இங்கே 'மோந்தாஞ்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பிரெஞ்சில் அதற்கு மலை என்று பொருள். ஓப்ராக்கில் அப்படிச் சொன்னால், கோடைக்கு மாடு ஏற்றும் ஒரு குறிப்பிட்ட மேய்ச்சல் நிலம். "அவருக்கு இரண்டு மலை இருக்கிறது" என்றால் அப்படி இரண்டு மேய்ச்சல் நிலம் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். கீழே பள்ளத்தாக்கில் பண்ணை, மேலே மலை. மே 25, புனித உர்பான் நாளை ஒட்டி மாடுகள் மேலே போகும். அக்டோபர் 13 வாக்கில் கீழே இறங்கும். நடுவில் நாலரை மாதம் மாடும் சில ஆண்களும் மேலேயே.

அந்த ஆண்கள் இருந்த கல்வீட்டுக்குப் பெயர் 'புரோன்'. நான் பல இடிந்த புரோன்களுக்குள் போயிருக்கிறேன். தடித்த கறுப்புக் கல்சுவர், கனமான கற்பலகைகளால் வேய்ந்த கூரை, ஒரு பக்கம் சரிவுக்குள் புதைந்திருக்கும். கீழே குளிர்ந்த நிலவறை, பாலாடைக்கட்டி முதிர்வதற்கு. ஒரே அறையில் அடுப்பும் பால் வேலையும். பரணில் வைக்கோல் போட்டுப் படுக்கை. மோர்த்தண்ணீரைக் குடித்து வளரும் பன்றிகளுக்குப் பக்கத்தில் தொழுவம். இதற்குள் நாலைந்து பேர். தலைவன் 'காந்தலெஸ்', பாலாடைக்கட்டி அவன் கைப்பொறுப்பு. மாடு மேய்ப்பவன் 'பாஸ்த்ர்'. கன்றுகளைப் பார்ப்பவன் 'பெதெலியே'. கடைசியில் 'ரூல்', எல்லா எடுபிடி வேலையும் செய்யும் பையன், பத்துப் பன்னிரண்டு வயதில் வந்துவிடுவான். பெண்கள் மேலே வருவதில்லை. அவர்கள் கீழே பண்ணையையும் வைக்கோலையும் குழந்தைகளையும் தனியாகப் பார்த்துக்கொண்டார்கள். புரோன் வாழ்க்கையைப் பற்றிப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுவது எனக்கு வருத்தம்.

பால் கறக்கும் முறை நம்மவர்களுக்கு உடனே புரியும். கன்று இல்லாமல் இந்த மாடு பால் சுரக்காது. பெதெலியே கன்றைப் பெயர் சொல்லி ஒவ்வொன்றாக விடுவான். கன்று ஓடிவந்து ஊட்டும். பால் இறங்கியதும் கன்றைத் தாயின் முன்னங்காலோடு கட்டிவிட்டுக் கறப்பார்கள். கடைசிப் பால் மறுபடி கன்றுக்கு. காலையும் மாலையும் திறந்தவெளியில், மழையானாலும் இதுதான். பாகூரில் என் பாட்டி வீட்டில் பார்த்த அதே காட்சியைப் பழைய புகைப்படம் ஒன்றில் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. இன்னொன்றும் உண்டு. இரவில் மாடுகளை மரத்தட்டி வேலிக்குள் அடைத்து, அந்த வேலியை இடம் மாற்றிக்கொண்டே போவார்கள், சாணம் நிலம் முழுக்கப் பரவட்டும் என்று. நாம் கிடை போடுவது என்கிறோமே, அதேதான். அப்படிக் கிடை போட்டு வளப்படுத்திய பகுதிக்கு 'ஃபுமாத்' என்று தனிப்பெயர். எந்தப் புரோனைச் சுற்றியும் புல் எங்கே அடர்த்தியாக இருக்கிறது என்று பார்த்தால் இன்றும் அந்த இடம் தெரியும்.

கறந்த பாலைக் காய்ச்சாமலே உறையவைத்து, தயிர்க்கட்டியை அழுத்தித் தண்ணீர் வடித்தால் 'தோம்' கிடைக்கும். அதைக் கொஞ்சம் புளிக்க விட்டு, உடைத்து, உப்புப் போட்டு, அச்சில் இட்டு மறுபடி அழுத்தி நிலவறையில் வைத்தால் லயோல் பாலாடைக்கட்டி. உருளை வடிவம், ஒன்று 40 கிலோ அளவில் இருக்கும். ஒரு கிலோவுக்குச் சுமார் 10 லிட்டர் பால் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு கட்டிக்குப் பின்னால் எவ்வளவு கறவை என்று யோசித்துக்கொள்ளுங்கள். குறைந்தது 4 மாதம் முதிர வேண்டும். முதிராத தோமை வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கில் போட்டு, வெண்ணெய், க்ரீம், பூண்டோடு மரக்கரண்டியால் இழுத்து இழுத்துக் கிண்டினால் 'அலிகோ'. ஒரு கிலோ கிழங்குக்கு 400 கிராம் தோம் கணக்கு. கரண்டியைத் தலைக்கு மேலே தூக்கினாலும் அறுந்துபோகாமல் நாடா மாதிரி இழுபடும். ஊர்த் திருவிழாவில் அண்டா அண்டாவாகக் கிண்டுவார்கள்; தோள் வலிமை உள்ளவர்களுக்குத்தான் அந்த வேலை.

இப்போது கிராமத்துக்குள் இறங்குவோம். கறுப்புக் கல் வீடுகள், பனி வழுக்கி விழுவதற்காகச் செங்குத்தான கூரை. தேவாலயம், பள்ளிக்கூடம், ஒரு பேக்கரி, ஒரு காபிக்கடை, பகல் 12 மணிக்கு எல்லாம் சாத்திவிடும். அப்புறம் மேரி, அதாவது மேயர் அலுவலகம். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. நம் பக்கம் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்து என்கிறோம். அந்தக் கொம்யூன் பிறந்த இடம் இது. பிரான்ஸில் ஏறக்குறைய 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன, பாதிக்கு மேல் 500 பேர்கூட இல்லாதவை. 200 பேர் உள்ள ஊருக்கும் ஒரு மேயர், ஒரு மன்றம், 6 வருஷத்துக்கு ஒரு தேர்தல். மேயர் பெரும்பாலும் விவசாயியோ ஓய்வுபெற்ற ஆசிரியரோதான். கல்யாணம் செய்து வைப்பதும் அவர்தான், பனி விழுந்தால் பாதையைத் திறக்க ஆள் அனுப்பச் சொல்லி நள்ளிரவில் எழுப்பப்படுவதும் அவர்தான். சின்ன ஊர்கள் இன்னும் ஊராக இருப்பதற்கு இந்த மேயர்கள் ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

மேரிக்குப் பக்கத்திலோ தேவாலயத்துக்கு முன்னாலோ ஒரு கல் நிற்கும், 1914–1918 போரில் இறந்தவர்களின் பெயர்களோடு. எந்த ஊருக்குப் போனாலும் நான் நின்று படிப்பேன். ஒரே குடும்பப் பெயர் மூன்று நான்கு தடவை வரும்: அண்ணன், தம்பி, பெரியப்பா மகன். அந்தப் போரில் பிரான்ஸ் இழந்தது ஏறத்தாழ 14 லட்சம் வீரர்கள். அவர்களில் பெரும்பங்கு விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். சில ஊர்களில் கல்லில் இருக்கும் பெயர்களின் எண்ணிக்கைக்கு இன்று இளைஞர்களே கிடையாது.

போர் மட்டும் ஊரைக் காலி செய்யவில்லை. நிலம் மூத்தவனுக்கு, மற்றவர்களுக்கு ரயில். 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாரிசுக்குப் போய்த் தண்ணீர் சுமந்தார்கள், பிறகு கரி விற்றார்கள், கரிக்கடையிலேயே ஒரு மூலையில் ஒயின் விற்றார்கள், கடைசியில் காபிக்கடை முதலாளிகள் ஆனார்கள். பாரிசின் புகழ்பெற்ற லிப் உணவகத்தை 1920இல் வாங்கிய மார்செலின் காஸ் லயோல்காரர். ஊரை விட்டுப் போனவர்கள் ஊரை மறக்கவில்லை. இவர்களுக்காகவே 1882இல் பாரிசில் ஒரு செய்தித்தாள் தொடங்கியது. ஆகஸ்டில் ஊருக்கு வருவார்கள், பூட்டிய வீடுகள் ஒரு மாதம் திறக்கும்.

1950களில் நிலைமை மோசமானது. புரோனில் நாலரை மாதம் வைக்கோல் மேல் படுக்க இளைஞர்கள் தயாராக இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கூலி குறைவு, உடம்புக்கு ஓய்வே கிடையாது, கல்யாணத்துக்குப் பெண் கிடைக்காது. புரோன்கள் ஒவ்வொன்றாக மூடின. 1963இல் பிரெஞ்சு தேசிய ஆய்வு மையத்திலிருந்து பல துறை அறிஞர்கள் சேர்ந்து வந்து, மறைந்துகொண்டிருந்த இந்த வாழ்க்கையைக் கருவி கருவியாக, பாட்டுப் பாட்டாகப் பதிவு செய்தார்கள்.

ஆனால் அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1960இல், சில இளம் விவசாயிகள் லயோலில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கியிருந்தார்கள். பெயர் 'ஜேன் மோந்தாஞ்', இளைய மலை. முன்னின்றவர்களில் ஒருவர் ஆந்த்ரே வலாதியே. மேலே தனித்தனியாகச் செய்த பாலாடைக்கட்டியை இனிக் கீழே எல்லாரும் சேர்ந்து ஒரே இடத்தில் செய்வோம் என்பது திட்டம். 1961இல் லயோல் பாலாடைக்கட்டிக்குப் பிறப்பிடக் குறியீடு கிடைத்தது, நம் புவிசார் குறியீடு போன்றது. அதற்குப் பின் அவர்கள் எடுத்த முடிவுதான் எனக்கு மிகப் பெரியதாகப் படுகிறது. நாடு முழுவதும் ஹோல்ஸ்டைன் பசுவுக்கு மாறிக்கொண்டிருந்தது. அது வாளி வாளியாகப் பால் தரும். இவர்கள் வேண்டாம் என்றார்கள். ஓப்ராக், சிமந்தால் இரண்டு இனங்களின் பால் மட்டும், அதுவும் காய்ச்சாத பால் என்று விதி எழுதிக்கொண்டார்கள். லிட்டர் குறைவு, ஆனால் அந்தப் பாலுக்கு வேறெங்கும் கிடைக்காத விலை. அதோடு அலிகோவுக்கான தோமையும் சங்கமே விற்கத் தொடங்கியது. அதிகமாக உற்பத்தி செய்துதான் பிழைக்க முடியும் என்று எல்லாரும் சொன்ன காலத்தில், குறைத்துச் செய்து பிழைத்துக் காட்டினார்கள்.

ஓப்ராக் மாட்டைக் காப்பாற்றியது வேறு வழி. கறவைக்கு இன்று அது அதிகம் பயன்படுவதில்லை. கன்றோடு மேயும் இறைச்சி மாடாகத்தான் இருக்கிறது. கோடையில் மேலே போகும் மந்தைகளை யாரும் கறப்பதில்லை, கன்று பாலைக் குடித்துக்கொள்ளும். விவசாயி இரண்டு நாளுக்கு ஒரு தடவை ஜீப்பில் போய் எண்ணிப் பார்த்துவிட்டு வருவார். புரோன்களில் பல இடிந்துவிட்டன, சில அலிகோ பரிமாறும் உணவகங்கள் ஆகிவிட்டன. ஆனால் மாடு இன்னும் மேலே போகிறது; அதுதான் முக்கியம். மே 25ஐ ஒட்டிய வார இறுதியில் பூவும் கொடியும் பெரிய மணியும் கட்டி மாடுகளை ஓட்டிப்போவதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம் வருகிறது.

மற்ற நாட்களில் வாழ்க்கை எப்படி? நவம்பர் முதல் மே வரை மாடுகள் கொட்டகையில். தினமும் தீவனம், சாணம், கன்று ஈனும் காலத்தில் இரவிலும் விழிப்பு. ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் வைக்கோல் புல் அறுப்பு. அந்தச் சில வாரத்தில் மழை குறுக்கிட்டால் குளிர்காலம் முழுக்கக் கஷ்டம். நல்ல மழை பெய்தாலும் வயல் எலி பெருகினால் புல்வெளியை அடியோடு தோண்டிப் போட்டுவிடும். பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் அடுத்த ஊருக்குப் போகிறார்கள், ஏனென்றால் இரண்டு மூன்று ஊர் சேர்ந்து வகுப்புகளைப் பிரித்துக்கொண்டிருக்கின்றன. டாக்டரைப் பார்ப்பதுதான் பெரிய பாடு. ஓய்வு பெறும் டாக்டருக்குப் பதில் ஆள் வருவதில்லை.

ஆள் குறைவது நாடு முழுவதும் உள்ள கதைதான். 1970இல் பிரான்ஸில் ஏறக்குறைய 16 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2020 கணக்கெடுப்பில் சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம். ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு 69 ஹெக்டேர், அதாவது 170 ஏக்கர். பண்ணை நடத்துபவர்களில் 43 சதவீதம் பேர் 55 வயதைத் தாண்டியவர்கள். இவர்கள் போனபின் நிலம் யாருக்கு என்பதுதான் இப்போது எல்லா ஊரிலும் பேச்சு. இதற்கு அங்கே சட்டப் பாதுகாப்பு கொஞ்சம் உண்டு. 1960 சட்டத்தில் பிறந்த 'சாஃபெர்' என்ற நில அமைப்பு, விவசாய நிலம் விற்பனைக்கு வந்தால் குறுக்கிட்டு முதலில் வாங்கி விவசாயிக்கே கொடுக்க முடியும். குத்தகை குறைந்தது 9 வருஷம். நில உரிமையாளர் நினைத்தபடி வெளியேற்ற முடியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து அறுப்பு இயந்திரம் வாங்கிக்கொள்ளும் கூட்டுறவுகளும் இருக்கின்றன. தனி ஆளாக யாரும் அந்த விலைக்கு இயந்திரம் வாங்க முடியாது.

நிலத்தை எனக்குப் புரியவைத்த அந்தப் பெரியவருக்கு 66 வயது. மகள் துலூஸில் நர்ஸ், திரும்பி வரப்போவதில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் நல்ல விலைக்குக் கேட்டார். கொடுத்திருந்தால் வீடு வாரக்கடைசி வீடாகியிருக்கும். அவர் கொடுக்கவில்லை. லியோன் பக்கத்திலிருந்து வந்த இளம் தம்பதி, இருவருக்கும் விவசாயக் குடும்பப் பின்னணியே கிடையாது, இரண்டு வருஷம் அவரோடு சேர்ந்து வேலை செய்தார்கள். முதல் குளிர்காலத்தில் ஒரு கன்று குறுக்கே நின்று ஈனவராமல் போனபோது அந்தப் பெண் தோள்வரை கையை விட்டுத் திருப்பி எடுத்தாளாம். "அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்" என்றார் பெரியவர் என்னிடம். போன வருஷம் குத்தகை எழுதியாயிற்று. மே மாதம் மந்தை மேலே போன அன்று நானும் பின்னால் நடந்தேன். அவர் முன்னால் கம்போடு நடந்தார். மேய்ச்சல் நிலத்து வேலிக்கதவு வந்ததும் நின்று, கதவைத் திறக்கச் சொல்லி அந்தப் பெண்ணுக்கு வழிவிட்டார்.